பஞ்சாங்கத்தையும் நிஃப்டியையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பது எப்படி

எந்தக் கிரகத்தால் பங்குச் சந்தை ஏறும், எதனால் இறங்கும் என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மன்னார்குடியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பஞ்சாங்கக் கணிதம் என் மாமனார் கற்றுக்கொடுத்தது. எங்கள் தெருவில் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நாள் பார்க்க இன்றும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். பங்குகளிலும் கொஞ்சம் முதலீடு உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: கணிப்பை முதலில் எழுதுங்கள், ஒரு ரூபாய்கூடப் போடாமல் ஓராண்டு சரிபாருங்கள், பிறகு பேசலாம். அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நிஃப்டி என்பது தேசியப் பங்குச் சந்தையில் ஐம்பது பெரிய நிறுவனங்களின் விலைப்போக்கைக் காட்டும் குறியீடு.

இதில் எனக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என்னோடு பணியாற்றிய ஒருவர், தினமும் காலையில் கைப்பேசிக்கு 'இன்றைய கிரக நிலை' அனுப்பும் ஒருவரை நம்பி, பணி ஓய்வில் வந்த தொகையில் பெரும் பகுதியை ஆப்ஷன் வர்த்தகத்தில், அதாவது பிற்பாடு ஒரு விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களில், இழந்தார். அந்தக் குறிப்புக்கு மாதச் சந்தாவும் கட்டியிருந்தார். வீட்டில் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போனது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்கு வாய்தா வர்த்தகத்தில் (ஆப்ஷனும் இதில் சேரும்) இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். தலைக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய் அளவுக்கு இழப்பு. நல்ல நேரம் பார்த்து வாங்கியவர்களும் அந்த 93 சதவீதத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

எந்தப் பஞ்சாங்கம், எந்த ஊர்

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டு விஷயங்களை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியமா, கிரகங்களின் உண்மையான நிலைக்கேற்பத் திருத்திய திருக்கணிதமா? சூரிய உதயம் எந்த ஊருக்கு? இந்த இரண்டையும் பிறகு மாற்றக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்குச் சனிப் பெயர்ச்சி ஒன்றே போதும். மகரத்திலிருந்து கும்பத்துக்குச் சனி பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறில் அதே பெயர்ச்சி விழா நடந்தது 2023 டிசம்பர் 20. இடையில் பதினோரு மாதம். ஜனவரி 17 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 562 புள்ளிகள் ஏறியது. டிசம்பர் 20 அன்று 930 புள்ளிகள் இறங்கியது. அதே சனி, அதே கும்பம். 'சனி பெயர்ந்தால் சந்தை சரியும்' என்பவர் வாக்கியத்தைக் காட்டுவார். 'சனி பெயர்ந்தால் சந்தை எழும்' என்பவர் திருக்கணிதத்தைக் காட்டுவார். இருவர் கையிலும் அசைக்க முடியாத ஆதாரம் இருப்பது போலத் தோன்றும். இன்னொன்றையும் கவனியுங்கள்: டிசம்பர் 20 அன்று பெயர்ச்சி நேரம் மாலை 5.20. சந்தை 3.30 மணிக்கே முடிந்துவிட்டது. மறுநாள், அதாவது சனி கும்பத்துக்கு வந்த பிறகு நடந்த முதல் வர்த்தகத்தில், சென்செக்ஸ் ஏற்றத்தோடுதான் முடிந்தது.

ஊர் விஷயமும் அப்படித்தான். தினசரிக் காலண்டரில் வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை என்று இருக்கும். அது காலை 6 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்ட கணக்கு. வர்த்தகம் மும்பையில் நடக்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொண்டால், ஜனவரித் தொடக்கத்தில் அங்கே உதயம் 7.12 வாக்கில். பகல் பொழுதை எட்டாகப் பங்கிட்டு நான்காம் பங்கை எடுத்தால் ராகு காலம் ஏறத்தாழ 11.20 முதல் 12.40 வரை வரும். திங்கட்கிழமை இன்னும் விசேஷம். காலண்டர்படி ராகு காலம் 9 மணிக்கே முடிந்து, சந்தை திறக்கும் 9.15 சுத்தமாக இருக்கும். மும்பை உதயப்படி பார்த்தால் 9.15 ராகு காலத்துக்குள்ளேயே விழும். எதை எடுத்துக்கொள்வது என்பதற்குச் சாஸ்திரத்தில் பங்குச் சந்தைக்கென்று தனி விதி கிடையாது. நான் மும்பையை வைத்துக்கொண்டேன். நீங்கள் உங்கள் ஊரை வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. முதல் பக்கத்தில் எழுதியதை நடுவில் மாற்றாமல் இருந்தால் சரி.

விதியை எழுதுவது

வேலையில் பாதி இதுதான். என் பழைய மாணவர் ஒருவர் 'புதன் வக்கிரத்தில் சந்தை இறங்கும், டீச்சர்' என்று வந்தார். வக்கிரம் என்றால் கிரகம் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும் காலம்; அது முடிவது நிவர்த்தி. எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார்.

"இறங்கும் என்றால் எதிலிருந்து?" என்று கேட்டேன்.

"முந்தைய நாளிலிருந்து, டீச்சர்."

"வக்கிரம் மூன்று வாரம் இருக்கிறதே. அத்தனை நாளும் இறங்குமா, நடுவில் ஒரு நாள் இறங்கினால் போதுமா?"

அவர் யோசித்தார். யோசித்து எழுதியது இது: 'புதன் வக்கிரம் தொடங்குவதற்கு முந்தைய வர்த்தக நாளில் நிஃப்டி 50 முடிந்த அளவைவிட, வக்கிர நிவர்த்தி நாளில் அது முடியும் அளவு குறைவாக இருக்கும். நிவர்த்தி நாள் விடுமுறை என்றால் அடுத்த வர்த்தக நாள்.' இதற்குச் சரி, தவறு என்று மதிப்பெண் போட முடியும். முதலில் எழுதியதற்குப் போடவே முடியாது. மூன்று வாரத்தில் ஒரு நாளாவது சந்தை இறங்காமல் இருக்காது. அதைக் காட்டிப் பலித்தது என்று சொல்லிவிடலாம்.

உங்கள் விதியில் குறியீட்டின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், திசை, விடுமுறை வந்தால் என்ன செய்வது என்பது எல்லாம் இருக்க வேண்டும். 'ஏற்ற இறக்கமாக இருக்கும்', 'கவனம் தேவை', 'உலோகப் பங்குகளில் சலனம்' போன்ற வாக்கியங்களை அடித்துவிடுங்கள். நட்சத்திரத்தை வைத்து எழுதுகிறீர்கள் என்றால் உதய கால நட்சத்திரமா, 9.15 மணிக்கு நடக்கும் நட்சத்திரமா என்பதையும் முடிவு செய்யுங்கள். உதயத்துக்கும் 9.15க்கும் இடையில் நட்சத்திரம் மாறுகிற நாட்கள் உண்டு. பிற்பாடு சௌகரியம்போல் சாய்த்துக்கொள்வதற்கு அவைதான் வழிவிடும்.

தினசரிப் பதிவு

கோடு போட்ட நீளமான நோட்டு, பேனா. பென்சில் கூடாது. ஒரு வரிக்குத் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி, விதி சொல்லும் திசை, முந்தைய முடிவு, இன்றைய முடிவு, சரியா தவறா. கடைசியில் அகலமாக ஒரு கட்டம் விட்டு, அன்றைய பெரிய செய்தி என்று தலைப்பிடுங்கள். சந்தைக்கு முந்தைய அமர்வு 9 மணிக்குத் தொடங்கும். அதற்குள் திசையை எழுதிவிட்டு, வீட்டில் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் என் கணவர் போடுகிறார். 9.20க்குத் திரையைப் பார்த்துவிட்டு எழுதுவது, விடைத்தாள் திருத்தியவரிடம் கேட்டுக்கொண்டு பரீட்சை எழுதுவது மாதிரி. மாலையில் முடிவு அளவைத் தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்திலிருந்து எடுங்கள். பழைய தினசரி விவரங்களும் அங்கேயே கிடைக்கின்றன.

அந்தக் கடைசிக் கட்டத்தை ஒருநாளும் வெறுமையாக விடாதீர்கள். 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது, அமாவாசை, சூரிய கிரகணம், மீனத்தில் ஆறு கிரகச் சேர்க்கை என்று எல்லாம் சேர்ந்து வந்தன. அன்று சனிக்கிழமை, சந்தை விடுமுறை. ஏப்ரல் 7 அன்று நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் விழுந்ததும் 'ஆறு கிரகச் சேர்க்கை பலித்துவிட்டது' என்றார்கள். ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பல நாடுகளின் இறக்குமதிகள் மீது வரி அறிவித்ததும், அதைத் தொடர்ந்து உலகச் சந்தைகள் எல்லாம் சரிந்ததும் உங்கள் கட்டத்தில் இருந்தால், அந்த வாரத்தை நிதானமாகப் படிப்பீர்கள். மேற்கொண்டு பாருங்கள்: மார்ச் 28 அன்று 23,519இல் முடிந்த நிஃப்டி, ஏப்ரல் 30 அன்று 24,334இல் முடிந்தது. சேர்க்கைக்குப் பயந்து விற்றுவிட்டு ஒரு மாதம் ஒதுங்கியிருந்தவர் ஏற்றத்தை இழந்தார்.

கிழமையை வைத்து விதி எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வியாழக்கிழமை குருவின் நாள், அன்று சந்தை துள்ளும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிஃப்டியின் வாராந்தர ஆப்ஷன் ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் வியாழக்கிழமைகளில்தான் முடிந்தன. ஒப்பந்தம் முடியும் நாளில் வர்த்தகம் பரபரப்பாக இருப்பது இயல்பு. 2025 செப்டம்பரிலிருந்து அது செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிட்டது. குருவின் நாள் வியாழனாகவே இருக்க, துள்ளல் செவ்வாய்க்குப் போகிறதா என்று உங்கள் நோட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் போடுவது

ஓராண்டு முடிந்தபின் சரியான நாட்களை எண்ணுவீர்கள். நூற்றுக்கு 54 வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். நீண்ட காலத்தில் நிஃப்டி ஏற்றத்தில் முடியும் நாட்கள் பாதியைவிடச் சற்று அதிகம். பஞ்சாங்கத்தைத் தொடாமல் தினமும் 'ஏறும்' என்று எழுதினாலே பாதிக்கு மேல் கிடைக்கும். ஆகவே, அதே ஆண்டில் தினமும் 'ஏறும்' என்று எழுதியிருந்தால் எத்தனை சரியாக இருந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். உங்கள் விதி அதைத் தாண்ட வேண்டும். தரகும் வரியும் போக மிஞ்சும் அளவுக்குத் தாண்ட வேண்டும்.

பழைய விவரங்களைப் புரட்டி, எந்த நட்சத்திரத்தில் சந்தை அதிகம் ஏறியிருக்கிறது என்று தேடுவதுதான் இதில் பெரிய குழி. ஒரு வருடத்தில் ஏறத்தாழ 250 வர்த்தக நாட்கள். நட்சத்திரம் 27. ஆளுக்கு ஒன்பது நாள் வருகிறது. ஒரு நாணயத்தை ஒன்பது முறை சுண்டினால் ஏழோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு 512க்கு 46, அதாவது நூற்றுக்கு ஒன்பது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இப்படிச் சுண்டினால் இரண்டு மூன்று நட்சத்திரங்கள் 'ஒன்பதுக்கு ஏழு ஏற்றம்' என்று மின்னும். வெறும் நாணயத்துக்கே இப்படி. ரோகிணியில் வாங்கு, பரணியில் விற்றுவிடு என்று அடித்துச் சொல்லும் பல அட்டவணைகள் இப்படித்தான் பிறக்கின்றன. பழைய ஆண்டில் மின்னிய நட்சத்திரத்தை எடுத்து, அதற்கு அடுத்த ஆண்டில் வைத்துச் சோதியுங்கள். அங்கேயும் மின்னினால் அதற்கும் அடுத்த ஆண்டு. நான் இப்படிச் சோதித்த விதிகளில் ஒன்றுகூட இரண்டாவது ஆண்டைத் தாண்டவில்லை.

சந்திரனைப் பற்றி மட்டும் ஒரு விவரம் உண்டு. 48 நாடுகளின் சந்தைகளை எடுத்து ஆராய்ந்தவர்கள், பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிடைத்த லாபம் அமாவாசையை ஒட்டிய நாட்களைவிட ஆண்டுக் கணக்கில் 3 முதல் 5 சதவீதம் குறைவு என்று 2006இல் எழுதினார்கள். மனிதர்களின் மனநிலையை வைத்து அவர்கள் தொடங்கிய ஆய்வு அது. ராசி, நட்சத்திரம் எதுவும் அதில் இல்லை. பல நாடுகளின் பல ஆண்டுச் சராசரி என்பதால், வருகிற பௌர்ணமியன்று நிஃப்டி என்ன செய்யும் என்று அது சொல்லாது. ஆனாலும் சோதிக்க ஏதாவது ஒரு விதி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன். தெளிவாக எழுதலாம், மாதா மாதம் வரும், ஏமாற்றிக்கொள்ள இடமில்லை.

பணம் என்று வரும்போது

கிரக நிலையைக் கொண்டு சந்தையின் போக்கை நம்பகமாகச் சொல்ல முடியும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஜோதிடத்தை மதிக்கிறவளாகவே இதைச் சொல்கிறேன். ஆகையால் கடன் வாங்கிய பணம், ஓய்வூதியத் தொகை, பிள்ளைகளின் படிப்புப் பணம் எதையும் இந்த நோட்டை நம்பி இறக்காதீர்கள். ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள்.

குறிப்பு விற்க வருகிறவரிடம் முதலில் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று பரிந்துரை செய்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பெயர்களைச் செபியின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். 'நான் பங்கு ஆலோசனை சொல்லவில்லை, கிரகம்தான் சொல்கிறது' என்று ஒருவர் பேசினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். எண் இருந்தால் இரண்டாவது கேள்வி: போன வருடம் தேதியோடு எழுதிய கணிப்புகள் அத்தனையும், பலிக்காதவற்றையும் சேர்த்துக் காட்ட முடியுமா? பலித்தவற்றை மட்டும் ஒட்டி வைத்திருப்பதை வாங்கிப் பார்க்கவே வேண்டாம்.

நல்ல நேரத்தில் ஒரு பங்காவது வாங்க வேண்டும் என்று மனம் கேட்டால் தீபாவளி முகூர்த்த வர்த்தகம் இருக்கிறது. மும்பைப் பங்குச் சந்தையில் 1957 முதல் நடக்கும் வழக்கம். வட இந்திய வணிகர்களின் புதுக்கணக்கும் லட்சுமி பூஜையும் ஒட்டி வருவது. ஒரு மணி நேரம்தான். நேரத்தைச் சந்தை நிர்வாகம் சுற்றறிக்கையில் அறிவிக்கும். மாலையில் நடந்துவந்த இந்த வர்த்தகம் 2025இல் பிற்பகல் 1.45 முதல் 2.45 வரை நடந்தது. பழக்க தோஷத்தில் மாலை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்திருக்காது. சுற்றறிக்கையை முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். நிஃப்டியைப் பின்தொடரும் ஈ.டி.எஃப். (பங்குபோலவே சந்தையில் வாங்கக்கூடிய நிதித் திட்டம்) ஒன்றில் சில யூனிட்களை வாங்கிவைத்துவிட்டு, நோட்டில் அன்றைய வரியையும் மறக்காமல் எழுதுங்கள்.