பந்து ஒரு பக்கம், ரிசீவர் ஒரு பக்கம்: குவாட்டர்பேக் – ரிசீவர் ஜோடி தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) விழுந்ததும் பழி நேராக, பந்தை எறியும் குவாட்டர்பேக்கின் தலையில் விழும். மறுநாள் வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். குவாட்டர்பேக் எறிந்த இடம் சரி. பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் ஓடிய பாதையும் சரி. ஆனால் இரண்டு 'சரி'யும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பள்ளி, கல்லூரி அணிகளில் புதிதாகச் சேரும் ஜோடிகள் வருடாவருடம் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

கையில் பட்டு நழுவிய பந்து, வழுக்கிய கால், அவசரத்தில் உயரப் போன எறி ஆகியவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை பயிற்சியில் தானாகக் குறையும். எத்தனை நூறு பந்து எறிந்து பிடித்தாலும் தானாகக் குறையாதவை சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ரிசீவர் திரும்பியதைப் பார்த்த பிறகு எறிவது

10 யார்டு 'அவுட்' ரூட்டை (ரூட் என்பது ரிசீவர் ஓட வேண்டிய பாதை) எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் நேராக ஓடி, எல்லைக்கோட்டுப் பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும். அவர் திரும்பும்போது பந்து ஏற்கெனவே காற்றில் இருக்க வேண்டும். புதிய குவாட்டர்பேக் அவர் திரும்பி முகம் காட்டும்வரை காத்திருப்பார். அரை விநாடிதான் தாமதம். ரிசீவரைக் காக்கும் எதிரணி ஆளான கார்னர்பேக், நல்லவராக இருந்தால், அந்த அரை விநாடியில் நாலு யார்டு ஓடிவிடுவார். இடைவெளி அத்தோடு முடிந்தது.

1980களில் சான்ஃபிரான்சிஸ்கோ 49ers அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ் தன் தாக்குதல் முறையையே இந்தக் கணக்கில்தான் கட்டினார்: குவாட்டர்பேக் பின்வாங்கும் அடிகளும் ரிசீவர் ஓடும் அடிகளும் ஒரே தாளத்தில் முடிய வேண்டும். ஸ்லான்ட் (சாய்வாக உள்ளே வெட்டும் ரூட்) என்றால் மூன்று காலடி பின்வாங்கல், அவுட் என்றால் ஐந்து.

இதில் இரண்டு இடங்களில் கணக்கு உதைக்கும். முதலாவது, ஷாட்கன். ஸ்னாப்பை (ஆட்டம் தொடங்கப் பின்னால் தரப்படும் பந்தை) ஏற்கெனவே ஐந்து யார்டு பின்னால் நின்று வாங்குவதால், ஐந்தடி ரூட்டுக்கு மூன்றடியே போதும். பழைய பழக்கத்தில் ஐந்தையும் எடுத்தால் ரிசீவர் ரூட்டை முடித்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருப்பார். இரண்டாவது, ரிசீவர் முன்வைக்கும் கால். வெளிப்பக்க ரிசீவர் வழக்கமாக உட்பக்கக் காலை முன்வைத்து நிற்பார். ஒருநாள் காலை மாற்றி நின்றால் ஓர் அடி கூடும் அல்லது குறையும், வெட்டும் காலும் மாறிப்போகும். குவாட்டர்பேக்குக்கு ஏன் நேரம் தப்புகிறது என்றே புரியாது. அதனால் ஆழத்தை யார்டில் மட்டும் பேசாதீர்கள். ஒவ்வொரு ரிசீவருக்கும் அந்த 10 யார்டு எத்தனை காலடி என்று கூம்பு வைத்து எண்ணி, குவாட்டர்பேக்கிடம் சொல்லிவைக்க வேண்டும். ஒரே தூரத்தை ஒருவர் ஏழடியில் முடிப்பார், இன்னொருவருக்கு ஒன்பது வேண்டியிருக்கும்.

ஒரே கவரேஜை (எதிரணி காக்கும் விதத்தை) இருவரும் இரு விதமாகப் படிப்பது

ஆட்டத்தையே பறிகொடுக்க வைப்பது இந்தத் தவறுதான். எளிதில் திருத்திவிடலாம் என்று தெரிந்தும் யாரும் உட்கார்ந்து திருத்துவதில்லை. பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

ஆப்ஷன் ரூட்டில் ரிசீவர் எங்கே திரும்ப வேண்டும் என்பதை எதிரணியின் நிலைதான் முடிவுசெய்யும். அந்த நிலையை ரிசீவரும் குவாட்டர்பேக்கும் ஓடிக்கொண்டே, ஒருவரோடு ஒருவர் பேசாமலே, ஒரே மாதிரி படித்தாக வேண்டும்.

ஒரு ஆட்டத்தை அருகில் போய்ப் பார்ப்போம். நான்கு ரிசீவர்களும் நேராக ஆழத்துக்கு ஓடும் 'ஃபோர் வெர்டிகல்ஸ்'. உள்பக்கம் நிற்கும் ஸ்லாட் ரிசீவருக்கு ஒரு முடிவு இருக்கிறது. மைதானத்தின் நடுவில், ஆழத்தில் ஒரே சேஃப்டி (கடைசி வரிசையில் காக்கும் எதிரணி ஆள்) நின்றால் நடு மூடியிருக்கிறது என்று பொருள்; ஹாஷ் கோட்டை (மைதான நடுவின் இரு பக்கமும் நீளும் குறிகளின் வரிசை) ஒட்டி நேராகவே ஓட வேண்டும். இரண்டு சேஃப்டிகள் விலகி நின்று நடு காலியாக இருந்தால், 10–12 யார்டு தாண்டியதும் நடுவை நோக்கி வளைய வேண்டும்.

ஸ்னாப்புக்கு முன் இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்கிறார்கள். ரிசீவர் 'நடு காலி' என்று அப்போதே முடிவுகட்டிவிடுகிறார். ஸ்னாப் ஆனதும் ஒரு சேஃப்டி முன்னே இறங்குகிறார், மற்றவர் நடுவுக்கு ஓடுகிறார். எதிரணி போட்ட வேஷம் இது. குவாட்டர்பேக் பின்வாங்கிக்கொண்டே இதைக் கவனித்துவிட்டார். நடு மூடிவிட்டது, எனவே பந்தை ஹாஷ் கோட்டின் மேல் நேராக விடுகிறார். ரிசீவரோ முதலில் பார்த்ததையே நம்பி நடுப்பக்கம் வளைந்துவிட்டார். பந்து இறங்கும் இடத்தில் நம் ஆள் இல்லை. நடுவுக்கு வந்த சேஃப்டி குவாட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்தே பந்துப் பக்கம் பாய்கிறார். புள்ளிவிவரத் தாளில் அது குவாட்டர்பேக்கின் பெயரில் ஏறும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிய தவறு. இருவரும் வெளியே வந்து, தோளைத் தட்டி, "பரவாயில்ல, அடுத்ததைப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டு எதிரெதிர் மூலையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த வாரம் அதே வேஷம், அதே வளைவு, அதே இன்டர்செப்ஷன். நட்பாக இருப்பதைக் கெமிஸ்ட்ரி என்று நினைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த உடனே, படத்தையோ வீடியோவையோ பார்ப்பதற்கு முன், ஒருவரையொருவர் கேட்க வேண்டியவை மூன்று: யாரைப் பார்த்தே? எந்த அடியில முடிவெடுத்தே? அவன் என்ன செஞ்சதைப் பாத்து முடிவெடுத்தே? வீடியோவைப் பார்த்த பிறகு கேட்டால் இருவரும் சரியான விடையையே சொல்வார்கள். அப்போது எங்கே பிரிந்தார்கள் என்பது மறைந்துவிடும்.

இந்தப் பிரச்சினைக்கு வாரத் தொடக்கத்திலேயே பேசி முடிக்க வேண்டிய ஏற்பாடுகள் உண்டு. ஒவ்வொரு ஆப்ஷன் ரூட்டுக்கும் படிக்க வேண்டிய ஆள் ஒருவர்தான், அவர் யார் என்று பெயர் குறித்துவிடுங்கள். ஸ்னாப்புக்கு முன் பார்த்ததை ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஓடத் தொடங்கிய பின் ஐந்தாவது அடியில் அந்த ஆள் எங்கே இருக்கிறாரோ அதையே இறுதி விடையாகக் கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் எந்தப் பாதை என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். மேலே சொன்ன ரூட்டில் 'சந்தேகம் என்றால் நேராக' என்று வைத்தால், ரிசீவர் குழம்பினாலும் குவாட்டர்பேக்குக்கு அவர் எங்கே இருப்பார் என்று தெரியும். அதோடு, வெட்டு ஒன்றுதான். ஆப்ஷன் ரூட்டில் இரண்டு முறை ஏமாற்றி ஆடும் ரிசீவர் முதலில் ஏமாற்றுவது தன் குவாட்டர்பேக்கைத்தான். அவர் ரிசீவரின் இடுப்பு திரும்புவதைப் பார்த்தே பந்தை விடுகிறார்.

குறுகிய தூர ஆப்ஷனிலும் இதே கதைதான். ஆறு யார்டில் தன்னைக் காப்பவர் உட்பக்கம் நின்றால் வெளியே, வெளிப்பக்கம் நின்றால் உள்ளே திரும்ப வேண்டும். ஸோன் (ஆளைத் தொடராமல் அவரவர் பகுதியைக் காப்பது) என்றால் இடைவெளியில் நின்று முகம் காட்ட வேண்டும். ஸோனுக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அடுத்த ஆளின் மடியில் போய் விழுவார். மேனா (ஆளுக்கு ஆள் காப்பது), ஸோனா என்று தெரியாதபோது ஸ்னாப்புக்கு முன் ஒருவரைக் குறுக்கே நகர்த்திப் பார்க்கலாம். எதிராளி கூடவே ஓடிவந்தால் பெரும்பாலும் மேன். ஓடும்போது கார்னர்பேக்கின் கண்ணைப் பாருங்கள். ரிசீவரையே பார்த்தால் மேன், குவாட்டர்பேக்கைப் பார்த்தால் ஸோன்.

இதைப் பழக பந்தே தேவையில்லை. பயிற்சியாளர் சேஃப்டியாக நிற்கட்டும். இருவரும் நடை வேகத்தில் ரூட்டைத் தொடங்க, அவர் கடைசி நேரத்தில் நகரட்டும். விசில் அடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கையை உயர்த்த வேண்டும்: மூடியிருந்தால் ஒரு விரல், திறந்திருந்தால் இரண்டு. விரல்கள் ஒத்துப்போகாத ஒவ்வொரு முறையும் நிறுத்தி, அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். தினம் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பெரிய ஜோடிகளின் பெரிய தருணங்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்தப் பேச்சுதான் கிடைக்கும். 1958 டிசம்பர் 28, யாங்கீ ஸ்டேடியத்தில் நடந்த என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) இறுதி ஆட்டம். நியூயார்க் ஜயன்ட்ஸை எதிர்த்து ஆடிய பால்டிமோர் கோல்ட்ஸ் பின்தங்கியிருந்த கடைசி நிமிடங்களில், லைன்பேக்கர் (எதிரணியின் நடுவரிசைக் காப்பாளர்) ஒருவர் வழக்கத்துக்கு மாறாக ரிசீவர் ரேமண்ட் பெர்ரியின் முகத்துக்கு நேரே வந்து நின்றார். ஹடிலில் (ஆட்டத்துக்கு முன் கூடிப் பேசும் வட்டத்தில்) சொன்ன ரூட்டை அப்படியே ஓட வழியில்லை. பெர்ரியும் குவாட்டர்பேக் ஜானி யூனிடாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். பெர்ரி வெளியே போவதுபோல் காட்டி உள்ளே வெட்டினார். பந்து வந்து சேர்ந்தது. அன்று மட்டும் பெர்ரி பிடித்தது 12 பந்துகள், 178 யார்டு. கோல்ட்ஸ் கூடுதல் நேரத்தில் 23–17 என வென்றது.

2022 ஜனவரி 23 அன்று பஃபலோ பில்ஸுக்கு எதிரான பிளே ஆஃபில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது மீதி இருந்தது 13 விநாடி. எதிரணி சற்றுமுன் நின்ற அதே மாதிரி நின்றால் சொன்ன ரூட்டை விட்டுவிட்டு நடுவில் நேராக ஓடுவேன் என்று, பந்தைப் பிடிக்க ஓடும் டிராவிஸ் கெல்ஸி முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஸ்னாப்புக்கு முன் குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ், அதைச் செய் என்று கத்தினார். 25 யார்டு கிடைத்தது, மூன்று புள்ளி தரும் ஃபீல்ட் கோல் விழுந்தது, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் சீஃப்ஸ் 42–36 என வென்றது. டிவியில் பார்த்தவர்கள் கெல்ஸி தன் இஷ்டத்துக்கு ஓடினார் என்று நினைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேச்சே இல்லாமல் இஷ்டத்துக்கு ஓடும் இளம் ரிசீவர்கள் இன்று நிறைய. கெல்ஸி இளமையில் குவாட்டர்பேக்காக ஆடியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நியூ இங்கிலாந்து அணியின் ரிசீவராக இருந்த ஜூலியன் எடல்மனும் கல்லூரியில் குவாட்டர்பேக்தான். ரிசீவரை வாரத்தில் ஒருநாள் குவாட்டர்பேக் கூட்டத்தில் உட்கார வைப்பது வீண்போகாது.

எதிராளி இல்லாத மைதானத்தில் மட்டும் பழகுவது

தாளம் வரும், எதிரணியைப் படிக்க வராது.

டிவியில் பார்த்த ரூட்டை அப்படியே எடுப்பது

பள்ளி மைதானத்தின் ஹாஷ் கோடுகள் என்எஃப்எல் மைதானத்தில் உள்ளதைவிட அகன்றவை. என்எஃப்எல்லில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 18 அடி 6 அங்குலம். பள்ளியில் 53 அடி 4 அங்குலம். பந்து ஒரு ஹாஷில் இருக்க, எதிர்ப்பக்க எல்லைக்கோடு என்எஃப்எல்லில் ஏறக்குறைய 30 யார்டு. பள்ளியில் 35 யார்டுக்கு மேல். ரூட்டின் ஆழத்தையும் பின்வாங்கலையும் சேர்த்தால் 10 யார்டு அவுட்டுக்குப் பள்ளிப் பையன் 37 யார்டு எறிய வேண்டும். பெரும்பாலான பள்ளிக் கைகளுக்கு அது மிதந்துதான் போகும். கார்னர்பேக் அதற்காகவே காத்திருப்பார். அகன்ற பக்கம் அவுட் வேண்டாம், அல்லது ரிசீவரை நன்றாக உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

பந்து எந்தப் பக்கம் வரும் என்று பேசாமலிருப்பது

ஸ்லான்ட்டில் மேன் கவரேஜ் என்றால் பந்து ரிசீவருக்கு முன்னால், ஓட்டம் தடைபடாமல் வர வேண்டும். ஸோன் என்றால் உடம்புக்கு நேரே. முன்னால் போட்டால் அடுத்த லைன்பேக்கரின் தோளுக்குத்தான் ரிசீவரை அனுப்புகிறீர்கள், விலா எலும்பு போகும்.

எல்லைக்கோட்டை ஒட்டி ஆழத்துக்கு ஓடும் ரூட்டில், கார்னர்பேக் ரிசீவருக்குச் சமமாகவோ பின்னாலோ இருந்தால் பந்து தலைக்கு மேல். கார்னர்பேக் முன்னே போய்விட்டால் பின்தோளுக்கு. இதை இருவரும் ஒரே நொடியில் பார்க்க வேண்டும். ரிசீவர் முன்கூட்டியே திரும்பினால் கார்னரும் கூடவே திரும்புவார். கடைசிவரை கை உயரக் கூடாது.

பந்து வந்து சேராதபோது கையை விரித்து நிற்பது

எந்த ரூட்டில் உங்களுக்குள் குழப்பம் என்று எதிரணிக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள். வேண்டாம்.

இருவரும் காட்டிக்கொள்ளும் சைகையை வாரக்கணக்கில் மாற்றாமலிருப்பது

எதிரணியும் வீடியோ பார்க்கிறது.

ஆட்டம் கலைந்த பிறகு அவரவர் வழி

குவாட்டர்பேக் துரத்தப்பட்டு வெளியே ஓடும்போதும் விதி உண்டு. அவர் ஓடும் பக்கம் ஆழத்தில் இருப்பவர் அவரை நோக்கித் திரும்பி வர வேண்டும்; அதே பக்கம் கிட்டத்தில் இருப்பவர் ஆழத்துக்கு ஓட வேண்டும்; எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் குறுக்கே வர வேண்டும். எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்தால் எதிராளிகளையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். 1982 ஜனவரி 10 அன்று டாலஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக 49ers ஆடியபோது, 51 விநாடி மீதியிருக்க, டுவைட் கிளார்க் பிடித்த அந்தப் பந்தில் முதல் இலக்கு அவர் அல்ல, ஃப்ரெடி சாலமன். சாலமன் வழுக்கினார். குவாட்டர்பேக் ஜோ மான்டானா வலப்பக்கம் ஓட, கிளார்க் எண்ட் ஸோனின் (புள்ளி எடுக்கும் கடைசிப் பகுதியின்) பின்கோட்டை ஒட்டித் திரும்பி அதே பக்கம் வந்தார். மான்டானா பின்வாங்கிக்கொண்டே உயரத்தில் போட்ட பந்து, கிளார்க்குக்கு எட்டினால் எட்டும், இல்லையென்றால் வெளியே போகும். எல்லைக்கோட்டை ஒட்டிய இடத்தில் குவாட்டர்பேக் எறிய வேண்டிய உயரம் அதுதான். வாரத்தில் ஒருமுறையாவது, பயிற்சியின் கடைசிப் பத்து ஆட்டங்களை வேண்டுமென்றே கலைத்து விட்டு இந்த மூன்று விதிகளையும் ஓடவிடுங்கள். ரிசீவர்கள் களைத்திருக்கும் நேரத்தில்தான் விதி மறக்கும், யாருக்கு மறக்கிறது என்பதும் தெரியும்.