பத்து லாரிக்குப் பன்னிரண்டு டிரைவர்

பத்து லாரிக்குப் பத்து டிரைவர் போதும் என்று கணக்குப் போடுவதில்தான் பாதித் தலைவலி ஆரம்பம். மாதம் 30 நாள் என்றால் பத்து வண்டிக்கு 300 டிரைவர் நாள் வேண்டும். ஒருவர் 25 நாள் ஓடி 5 நாள் வீட்டில் இருந்தால், 300-ஐ 25-ஆல் வகுக்க 12 பேர். அந்த இரண்டு மாற்று ஆள் இல்லாத ஷெட்டில், லீவு என்ற பேச்சை எடுத்தாலே சண்டை. கடைசியில் ஒருநாள் டிரைவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, போனை அணைத்துவிட்டுப் போய்விடுவார். மாற்று டிரைவருக்கு வண்டி ஏறாத நாளிலும் ஒரு அடிப்படைச் சம்பளம் உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அவரும் நிற்க மாட்டார்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நமக்குப் போட்டி அடுத்த லாரி ஆபீஸ் இல்லை, பெங்களூரு. பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பையன் அங்கே வாடகைக் கார் ஓட்டினால் தார்ப்பாய் கட்ட வேண்டாம், லோடு இறக்க மூன்று நாள் காத்துக் கிடக்க வேண்டாம். சம்பளத்தை மட்டும் ஏற்றி இதை ஜெயிக்க முடியாது. லைனைப் பிரித்துக் கொடுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 250 கி.மீ.தான், சின்னப் பிள்ளைகள் உள்ளவருக்கு அந்த லைன். மொத்தமாகக் காசு பார்க்க நினைப்பவருக்குப் புனே, குஜராத். எந்த லைன் வேண்டும் என்பதை வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்களில் பலருக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வரும். அவர்களைக் கர்நாடக, ஆந்திர லைனில் விட்டால் வழியில் பாதித் தொல்லை குறையும்.

ஆள் தேட நல்ல இடம் பஞ்சர் கடை, பாடி கட்டும் பட்டறை, அதைவிட உங்களிடமே இருக்கும் டிரைவர்கள். ஆள் கொண்டு வருபவருக்குக் காசு கொடுத்தால் சேரும்போது பாதி, ஆறு மாதம் நின்றபின் மீதி. கிளீனரை டிரைவராக்குவதும் நல்ல வழிதான், ஆனால் நாள் பிடிக்கும். கனரக வண்டி லைசென்ஸுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன் இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஓடியிருக்க வேண்டும்.

சேர்க்கும்முன் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். போக்குவரத்து வண்டிக்கான பகுதி 5 வருஷத்துக்குத்தான் செல்லும். கார், பைக்குக்கான தேதியைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. போக்குவரத்துப் பகுதி காலாவதியாகி வண்டி அடிபட்டால் இன்சூரன்ஸ் கிளெய்ம் சிக்கிக்கொள்ளும். ஒரிஜினல் லைசென்ஸை வாங்கிப் பீரோவில் பூட்டும் பழக்கம் வேண்டாம். நல்ல டிரைவர் அதைக் கேட்டதுமே எழுந்து போய்விடுவார்.

ஓட்டிப் பார்ப்பது லோடு வண்டியில் இருக்கட்டும். காலி வண்டியை யாரும் ஓட்டிவிடுவார்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தைவிடப் பெரிய பரீட்சை இந்த வட்டாரத்தில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இறக்கம் தொடங்கும்முன்பே கியரைக் குறைக்கிறாரா? இன்ஜின் புகையை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போடுகிறாரா? பிரேக்குக்கான ஏர் பிரஷர் முள்ளில் கண் போகிறதா? நியூட்ரலில் விட்டால், எவ்வளவு பழைய ஆளாக இருந்தாலும் வேண்டாம். பெடலையே மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறி, பாதி வழியில் பிரேக் பிடிக்காது.

இந்த நியூட்ரல் பழக்கத்துக்குப் பல இடத்தில் ஓனரே காரணம். டீசல் மிச்சம் பிடித்தால் இனாம், கூடினால் பிடித்தம் என்று வைத்தால் அவர் வேறென்ன செய்வார்? உண்மையில் இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜினில் கியரில் இறங்கும்போது டீசல் அடிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரியும். இதைச் சொல்லிக் கொடுங்கள், மைலேஜ் இனாமை எடுத்துவிடுங்கள். டீசலைக் கண்காணிக்க, டேங்க் நிரப்பி அடுத்த முறை நிரப்புவதுவரை கணக்கு எடுத்து, அதே வண்டியின் முந்தைய ஐந்து ட்ரிப்போடு ஒப்பிட்டால் போதும்.

இனி ட்ரிப் கணக்கு. டிரைவர் வேலையை விட்டுப் போவது பெரும்பாலும் இதனால்தான். ஓசூரிலிருந்து புனே சுமார் 880 கி.மீ., போக வர 1,760. சராசரி 40 கி.மீ. வேகம் என்றால் ஒரு பக்கத்துக்கு 22 மணி ஓட்டம். 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் வைத்தது. அப்படியானால் ஒற்றை டிரைவருக்கு ஒரு பக்கம் மூன்று நாள். இறக்கி ஏற்ற ஒருநாள் சேர்த்து ஏழு நாள். “நாளை மறுநாள் காலையில் இறங்கிடும்” என்று பார்ட்டியிடம் வாக்குக் கொடுத்தால் இரண்டு டிரைவர் ஏற்றுங்கள்.

உதாரணத்துக்குக் கி.மீ.க்கு 4 ரூபாய் பேட்டா என்று வைப்போம். 1,760 கி.மீ.க்கு 7,040 ரூபாய். ஏழு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு சுமார் 1,006. அங்கே குடோனில் மூன்று நாள் நிறுத்திவிட்டார்கள் என்றால் அதே 7,040 பத்து நாளுக்கு ஆகி, நாளுக்கு 704 ஆகிவிடும். ஓடியது அதே தூரம், சாப்பாட்டுச் செலவு மட்டும் கூடுதல். நிறுத்தின நாளுக்கு 600 ஹால்டிங் (காத்திருப்புக் காசு) கொடுத்தால் 8,840 ரூபாய், நாளுக்கு 884 வரும். பார்ட்டியிடம் ஹால்டிங் வசூலித்துவிட்டு டிரைவருக்குக் காட்டாத ஓனரின் கதை அடுத்த டீக்கடைக்குள் பரவிவிடும்.

கணக்கை வண்டி ஷெட்டுக்கு வந்த அன்றே முடியுங்கள். அட்வான்ஸ், டோல், தார்ப்பாய்க் கூலி, பஞ்சர், பேட்டா, மீதி எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும்; அதை போட்டோ எடுத்து அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். அபராதத்தையும் முன்கூட்டியே பிரித்து வையுங்கள்: வேகம், போன், சீட் பெல்ட் டிரைவருக்கு, ஓவர்லோடு, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட் ஓனருக்கு. ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000-மும் விழும். அதை டிரைவர் தலையில் கட்டினால் அந்த மாதத்தோடு அவரை மறந்துவிடலாம்.

பாலிசியில் ‘ஓனர்-டிரைவர்’ விபத்துக் காப்பீடு என்று இருப்பது ஓனருக்கு மட்டும்தான். சம்பள டிரைவருக்கான பொறுப்புக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். பழைய வண்டிதான் இருக்கிறதென்றால் ஃபேன், நல்ல மெத்தை, கொசுவலையாவது போடுங்கள்.

லீவுக் காலண்டரை மார்கழி மாதத்திலேயே எழுதிவிடலாம். பொங்கல், அதையொட்டி கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாக்கள், ஆடிப் பதினெட்டு, அவரவர் ஊர் மாரியம்மன் திருவிழா. யாருக்கு எது முக்கியம் என்று கேட்டு எழுதினால் மாங்காய் சீசன் நெருக்கடியில் அவர்களே வந்து நிற்பார்கள்.

போகிறேன் என்பவரைக் கெஞ்ச வேண்டாம், பாக்கியைப் பிடித்தும் வைக்க வேண்டாம். அன்றே கணக்கை முடித்து, காரணத்தை மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு போன் போடுங்கள். காருக்கு இஎம்ஐ கட்ட முடியாமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு.