கால் நகப் பூஞ்சை: சோதிக்காமல் மாத்திரையைத் தொடாதீர்கள்

காலைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள், அடுத்தவர் செருப்பைப் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் சலிக்கச் சலிக்கப் பார்க்கும் தவறுகள் வேறு.

பார்வையிலேயே முடிவு கட்டுவது

"பார்த்தாலே தெரிகிறதே, பூஞ்சைதான்." இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நோயாளி சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். புதிதாகப் பயிற்சிக்கு வரும் மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். மற்றவை சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ் போன்ற தோல் நோய்களாக இருக்கலாம், நாள்தோறும் விரலை இடிக்கும் ஷூவின் வேலையாகவும் இருக்கலாம். ஒரே நகத்தில் அகலமாகிக்கொண்டே வரும் கருங்கோடு மெலனோமா என்னும் புற்றுநோயாகக்கூட இருக்கலாம். அதன்மேல் பூஞ்சை மருந்தைப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட ஆபத்தான காரியம் இல்லை.

நெடுந்தூரம் ஓடும் பழக்கமுள்ள ஒருவர் வந்தார். இரு பெருவிரல் நகங்களும் தடித்து மஞ்சளாக இருந்தன. யாரோ சொன்னதைக் கேட்டு டெர்பினாஃபின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். நாக்கில் சுவை போய்விட்டது என்பது அவருடைய முதல் புகார். அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு அது. சோதித்தோம், பூஞ்சை இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அந்த முடிவை நம்ப வழியில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் அது நகத்தில் பல மாதம் தங்கியிருக்கும்; உண்மையில் பூஞ்சை இருந்திருந்தாலும் சோதனையில் சிக்காமல் போகலாம். காத்திருந்து மறுபடி சோதித்தபோதும் பூஞ்சை இல்லை. கடைசியில் அவருடைய ஓட்ட ஷூவைக் கழற்றிப் பார்த்தால், நுனியில் விரலுக்கு இடமே இல்லை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய ஷூ!

சோதனை பெரிய வேலையும் அல்ல. நகத்தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். தூளிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சில வாரங்கள் ஆகும். மாதிரி எடுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நகத்தின் நுனியைக் கத்தரித்து அனுப்பினால் போதாது. கெட்ட பகுதி நல்ல நகத்தைத் தொடும் இடம்வரை வெட்டிக்கொண்டு போய், அதன் அடியில் சேர்ந்திருக்கும் தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள பூஞ்சை அங்கேதான் இருக்கும்.

அவசரப்பட்டுக் கைவிடுவது

கால் நகத்துக்கு டெர்பினாஃபின் வழக்கமாக 12 வாரம், தினம் 250 மில்லிகிராம். 12 வாரம் முடியும்போதும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். மருந்து பழைய நகத்தைப் பளபளப்பாக்காது. புதிதாக வளரும் நகம் நோயில்லாமல் வர வழி செய்யும், அவ்வளவுதான். பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் வளர்கிறது. முழுதாக மாற 12 முதல் 18 மாதம். எனவே நுனியைப் பார்த்து வருந்தாமல் நகத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். மாதம் ஒருமுறை படம் எடுத்து வைத்தால் தெளிவான பகுதி முன்னேறுவது தெரியும்.

பிற மருந்துகளை மறைப்பது

டெர்பினாஃபினுக்கு முன் ஈரல் பரிசோதனை தேவை. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு நகப் பூஞ்சைக்காக இட்ராகோனசோல் என்னும் இன்னொரு மாத்திரையைக் கொடுக்கக் கூடாது; கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறவருக்கும் அது ஆகாது. எதையெல்லாம் விழுங்குகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தடித்த நகத்தின்மேல் அப்படியே பூசுவது

அமோரோல்ஃபின் போன்ற பூச்சு மருந்து, நோய் நகத்தின் வேரைத் தொடாதவரை உதவும். அதற்கும் முதலில் நகத்தை அரத்தால் தேய்த்து மெல்லிதாக்க வேண்டும். முழு நகமும் போன பிறகு பூச்சை மட்டும் நம்புவது வீண்.

பிளீச்

அதை நகத்தில் ஊற்றினால் தோல்தான் வெந்துபோகும்.

சேற்றுப்புண்ணை விட்டுவைப்பது

நகத்தைக் கெடுக்கும் பூஞ்சை பெரும்பாலும் விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும் இருந்துதான் வருகிறது. நகத்துக்கு மாதக்கணக்கில் மருந்து எடுத்துவிட்டு, விரலிடுக்கில் தோல் உரிவதைக் கவனிக்காமல் விட்டால் நோய் திரும்பி வரும். இடுக்கில் வெள்ளையாக ஊறியதுபோலத் தெரிந்ததுமே பூஞ்சைக் களிம்பு தடவத் தொடங்குங்கள். உள்ளங்கால் மாவு படிந்ததுபோல் உலர்ந்து செதிலாக இருந்தால் அதுவும் வெறும் வறட்சி என்று நினைக்க வேண்டாம்.

நீரிழிவோடு நகத்தை நீங்களே ஆழமாக வெட்டுவது

வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் சிறு வெட்டுகூடப் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். பாதம் பார்ப்பவரிடம் விடுங்கள்.

ஒரே நகவெட்டி

கெட்ட நகத்துக்குத் தனி நகவெட்டி, தனி அரம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நல்ல நகங்களை முதலில் வெட்டுங்கள், கெட்டதைக் கடைசியில். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து வையுங்கள்.