ஈ பெயர் மறந்த கதையில் எழுத்து சொல்லிக்கொடுப்பது எப்படி?

காங்கேயம் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை ஆறு மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும். பெற்றோர் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வந்துசேர எட்டு மணியாகிவிடும். முதல் மாதம் நானும் ஊரோடு ஒத்து அ – அம்மா, ஆ – ஆடு என்றுதான் ஆரம்பித்தேன். ஃ வரைக்கும் அழகாகப் பாடினார்கள். நடுவில் ‘உ’வைத் தொட்டுக் காட்டினால், மறுபடியும் அ-விலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 247 எழுத்து. இந்த வேகத்தில் போனால் கல்யாண வயதுதான் வரும்.

அதனால் வரிசையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டேன். ஈ தன் பெயரை மறந்த கதை. ஆறு வாரத்துக்கு அது ஒன்றே போதும்.

வேண்டிய பொருள்கள்

கிழித்த காலண்டர் தாள்கள், ஒரு ஸ்கெட்ச் பேனா, தாம்பாளத்தில் சலித்த மணல், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. வீட்டில் அம்மிச்சியோ அப்பாரோ (பாட்டி, தாத்தா) இருந்தால் கதை சொல்லும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

படி 1: மூன்று நாள் காதுக்கு மட்டும்

வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ, மெழுகிய மும்முரத்தில் தன் பெயரையே மறந்துவிடுகிறது. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே போகிறது:

கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே, கோல் வெட்டிய மரமே, மரத்தில் இருக்கும் கொக்கே, கொக்கு குளிக்கும் குளமே, குளத்தில் நீந்தும் மீனே, மீன் பிடிக்கும் வலையா, வலையன் கைச் சட்டியே, சட்டி வனையும் குயவா, குயவன் கை மண்ணே, மண்ணில் முளைத்த புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே, என் பெயர் என்ன?

குதிரை ‘ஈஈஈ’ என்று கனைக்கிறது. அவ்வளவுதான் கதை. ஊருக்கு ஊர் இரண்டொரு சொல் மாறும். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்லுங்கள்.

முதல் நாள் முழுக்க நீங்களே சொல்லுங்கள். இரண்டாம் நாள் ‘இடையன் கைக்…’ என்று நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ‘கோலே!’ என்று கத்துவார்கள். மூன்றாம் நாள் கதை அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். இந்த மூன்று நாளும் தாளை வெளியே எடுக்காதீர்கள். எனக்கும் கை பரபரத்ததுதான், அடக்கிக்கொண்டேன்.

கதையை நம் காட்டுக்குள் இழுத்துவிடுவதும் நல்லது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த மரம் வெள்வேல மரம். கன்று செவலைக் கன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மை நிறம், ஆறு மாதம் ஆகும்போதுதான் சாம்பல் நிறத்துக்கு மாறும். ‘இடையன் என்றால் யார்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கிளுவைச் செடி வேலிக்குள் மாட்டை விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிற ஊரில், கோலோடு கூடவே நிற்கிற ஆளை அவர்கள் பார்த்ததில்லை.

படி 2: முதல் எழுத்து ஈ

இந்தக் கதையை நான் பிடித்துக்கொண்ட காரணமே இதுதான். விடையே ஓர் எழுத்து. அந்த எழுத்தே ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு ஓர் உருவமும் இருக்கிறது. மணலில் பெரிதாக ஈ வரைந்து இரண்டு புள்ளியையும் விரலால் குத்தச் சொல்லுங்கள். ‘அது ஈயின் கண்’ என்று ஒரு பெண் குழந்தை சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் திண்ணையில் புள்ளி மறந்தவர்கள் யாரும் இல்லை. மறந்தால் ‘கண் தெரியாத ஈ’ என்று பக்கத்தில் இருப்பவர்களே சொல்லிவிடுகிறார்கள். இதற்கு ஒரு நாள் போதும்.

படி 3: மரம், மண், மீன்

அவசரப்படாதீர்கள், இரண்டு வாரம் இங்கேயே இருக்கலாம்.

ஒரு காலண்டர் தாளில் ஓர் எழுத்து என்று ம, ர, ம எழுதி வரிசையாக வையுங்கள். புள்ளியைப் பேனாவால் வைக்க வேண்டாம். கடைசி ம-வின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். மரம். கொட்டையை எடுத்தால் ‘மரம’ என்று நீளும், வைத்தால் உதடு மூடிக்கொள்ளும். பேச்சில் நாம் ‘மரம்’ என்பதன் கடைசி ஒலியை மூக்கிலேயே கரைத்துவிடுகிறோம். அதனால் சொல்லிக்காட்டும்போது உதடு ஒட்டுவது பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கொட்டையை வைத்து, எடுத்து, வைத்து விளையாடட்டும். மெய்யெழுத்து பதினெட்டுக்கும் இந்த ஒரு வித்தைதான்.

அடுத்தது மண். ம ஏற்கெனவே கையில் இருப்பதால் புதிதாக வருவது ண மட்டும். பிறகு மீன். ம-வுக்கு மேலே ஒரு சுழி ஏறி மீ ஆகிறது. மண்ணுக்கு மூன்று சுழி, மீனுக்கு இரண்டு சுழி என்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள். விளக்கம் சொல்லப் போகாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. தாள்களை மாற்றி அடுக்கிப் புதுச் சொல் கட்டச் சொன்னபோது ஒரு பையன் ம, ர, ண, ம என்று வைத்து, கடைசியில் கொட்டையையும் சரியாக வைத்து, ‘மரணம்!’ என்று உரக்கப் படித்தான். விளக்கு வைக்கிற நேரம். உள்ளேயிருந்து வந்த என் மாமியார் தாள்களை வாரிக் கலைத்துவிட்டு அவனுக்குத் திருஷ்டி கழித்தார்கள். அவன் தானாகப் படித்த முதல் புதுச் சொல் அது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

படி 4: பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று

மண், புல், கன்று என்று தாளில் இருக்கும். பிள்ளையோ மண்ணு, புல்லு, கன்னு என்று படிக்கும். அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிடித்துவிட்டது. ‘பேசினால் கன்னு, எழுதினால் கன்று’ என்று ஒரு பாட்டு மாதிரி சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுங்கள். ல, ள, ழ மூன்றும் இதே கதையில் இருக்கின்றன: கோல், குளம், கொழு கொழு. நாக்கு மடங்கும் இடத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னால் சிரித்தே ஒரு மாலை போய்விடும்.

படி 5: கூப்பிடும் விளையாட்டு

ஈ எல்லோரையும் கூப்பிட்டுத்தானே கேட்கிறது? குளம் குளமே ஆகிறது, மீன் மீனே ஆகிறது. ம, ன தாள்களுக்கு முன்னால் இரட்டைக் கொம்பை (ே) வைத்துக் காட்டுங்கள். பிறகு திண்ணையில் இருக்கும் எதை வேண்டுமானாலும் கூப்பிடட்டும். எங்களுக்குப் படியே, குடமே, பாட்டியே எல்லாம் கிடைத்தன.

படி 6: சொந்தப் புத்தகம்

காலண்டர் தாள்களை மடித்து நடுவில் தைத்தால் புத்தகம் தயார். பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு சொல். குதிரையின் கனைப்புக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஈ எழுத விடுங்கள்.

பாட்டிமார் எழுதிக் கொடுக்கிறேன் என்று வந்தால் ‘வலையா’வில் ஒரு கண் வையுங்கள். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் பள்ளிக்குப் போனவர்கள், அந்த லை-யை யானைத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவார்கள். என் மாமியார் அப்படித்தான் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போய், இரண்டு நாள் எல்லா லை-க்கும் தும்பிக்கை முளைத்தது. தானாகவே போய்விட்டது.

அடுத்து எந்தக் கதை?

கொங்கு நாட்டில் கதை என்றதும் அண்ணன்மார் கதையை எடுக்கத் தோன்றும். உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுகிற நெடுங்கதை அது. பொன்னர், சங்கர், தங்காள் பெயர்களைக் காதில் போட்டு வையுங்கள், ஆனால் அதில் இருக்கும் போரும் சாவும் ஐந்து வயதுக்கு வேண்டாம். கொம்பன் பன்றி வரும் இடத்தை மட்டும் எட்டு வயதில் எடுத்துக்கொள்ளலாம்.

நான் இரண்டாவதாக எடுப்பது அத்திரிபாச்சா கதை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறக்காமல் இருக்க ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வழியில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று குதிக்கிறான். அதற்குப் பிறகு அவன் வாயில் அதுதான் நிற்கிறது. க்க, ட்ட, த்தி, ச்சா என்று இரட்டிக்கும் எழுத்துக்கு இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை. பழைய கதையில் அவன் மனைவியை அடித்து, அவள் நெற்றி கொழுக்கட்டைபோல வீங்கிய பிறகுதான் பெயர் நினைவுக்கு வரும். அந்த இடத்தை நான் மாற்றிவிட்டேன். எங்கள் திண்ணையில் அவன் கீழ்பவானி வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து, தன் நெற்றியையே வீங்க வைத்துக்கொள்கிறான்.

ஈ கதையில் குதிரை தின்றதும் எங்கள் ஊர்க் கொழுக்கட்டைப் புல்தான் என்பதால், ‘கொழு’ என்ற இரண்டு எழுத்தும் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். இந்தக் கதையைச் சொல்கிற அன்றைக்கு மட்டும் அடுப்படியில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருக்கட்டும். கேட்காமல் விடமாட்டார்கள்.