கையொப்பமிட்ட முதற்பதிப்பை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எழுத்தாளரின் கையொப்பமுள்ள முதற்பதிப்புகளைச் சேர்க்கத் தொடங்குவோரின் கண் முதலில் கையொப்பத்தில்தான் போய் நிற்கிறது. நூலை முதலில் சோதித்துவிட்டு, அதன் பிறகே கையொப்பத்துக்கு வருவது கைப்பணத்தைக் காக்கும். 1920களின் ஆங்கில நூல்கள் சிலவற்றைக் கொண்டு அதை விளக்குகிறேன்.

முதல் படி, ஓர் எழுத்தாளரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவருடைய நூல்களின் அச்சு விவரங்களைப் படித்துவிடுவது.

இரண்டாவது, கையிலிருப்பது முதல் அச்சுதானா, அதாவது முதன்முதலாக அச்சிட்ட படிகளில் ஒன்றுதானா என்று பார்ப்பது. அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925 ஏப்ரல் 10 அன்று வெளிவந்தபோது 20,870 படிகள் அச்சிடப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இரண்டாம் அச்சிலும் 1925 என்றே இருப்பதால், ஆண்டை வைத்து எதையும் சொல்ல முடியாது, அச்சுப்பிழைதான் அடையாளம். 205ஆம் பக்கத்தில் ‘சிக்கன்டயர்ட்’ என்று ஒரே சொல்லாக வரவேண்டியது, முதல் அச்சில் ‘சிக் இன் டயர்ட்’ என்று பிரிந்து கிடக்கும். ஹெமிங்வேயின் ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ (1926) நூலின் 181ஆம் பக்கம் 26ஆம் வரியில், ‘ஸ்டாப்டு’ என்ற சொல்லில் ஆங்கில ‘பி’ எழுத்து மூன்று முறை வரும். முதல் அச்சு என்று எனக்கு விற்கப்பட்ட படியில் இரண்டுதான் இருந்தன. பணத்தைக் கொடுத்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். அட்டைமேல் போர்த்தியிருக்கும் தாள் மேலுறையையும் விடாதீர்கள்: விலையில் பெரும்பங்கு அதற்கே என்பதால், நகல் உறை போர்த்தி விற்பதும் நடக்கிறது.

மூன்றாவதுதான் கையொப்பம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை அதன்மேல் வைத்தால், ஊற்றுப்பேனாவின் மை காகித நாரில் ஊறியிருப்பதும், கோடு அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் ஓடுவதும் தெரியும். மையில்லாமல் அச்சுப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது வெறும் படம். அசலைப் பார்த்துப் பார்த்து வரைந்த போலிக் கோடு நடுங்கும், தேவையில்லாத இடத்தில் நின்று தொடங்கும். பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945இல்தான். 1940இல் இறந்த ஃபிட்ஸ்ஜெரால்டு அந்தப் பேனாவால் கையெழுத்திட்டிருக்க வழியில்லை. கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டிய கையொப்பம் உண்மையானதாகவே இருந்தாலும் மதிப்புக் குறைவு. வெறும் பெயரைவிட, யாருக்காவது நான்கு வரி எழுதிக் கொடுத்த படி நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க எழுத்துகள் கூடுதலாகக் கிடைக்கும்.

இவ்வளவையும் தொடக்கத்திலேயே செய்யத் தயங்குபவர், கையொப்பத்தோடே வெளியிடப்பட்ட, படிகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட பதிப்புகளிலிருந்து தொடங்கலாம். வர்ஜீனியா உல்ஃபின் ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ 1929இல் எண்ணிட்ட 492 படிகளாக, அவருடைய ஊதா மைக் கையொப்பத்துடன் அப்படி வந்தது. எதை வாங்கினாலும், போலி என்று தெரிந்தால் பணம் திரும்பும் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்; விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழை நான் ஆதாரமாகக் கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்தபின், வெயிலும் ஈரமும் படாமல், இராமபாணப் பூச்சி அரிக்காமல் காக்க வேண்டும். மேலுறை கிழிந்திருந்தாலும் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். வாங்கிய நாளையும் விலையையும் நூலில் எழுதாமல், தனி நோட்டில் குறித்து வையுங்கள்.