எர்த்க்வேக் அடி குறைந்த மர்மம்: என் அனுபவம்

போக்கிமான் விளையாட்டின் இரட்டையர் ஆட்டத்தில் (பக்கத்துக்கு இரண்டு போக்கிமான்கள்) என் கார்சோம்ப் என்ற போக்கிமானின் எர்த்க்வேக் தாக்குதல் எப்போதும் கணக்குக்குக் குறைவாகவே அடித்தது. எதிரணியில் ஒன்றுதான் மிச்சம், அதனால் முழு சக்தி கிடைக்கும் என்று போட்ட கணக்கு. ஆனால் எதிரி கொஞ்சம் எச்.பி.யோடு (உயிர்ப்புள்ளி) தப்பிவிடும்.

முதலில் போக்கிமானின் பலத்தை மாற்றும் இவி (பயிற்சிப் புள்ளிகள்), நேச்சர் (சுபாவம்) இரண்டையும் சரிபார்த்தேன். சரியாகவே இருந்தன. கிராஸி டெரெய்ன் என்ற புல்தரை விளைவு எர்த்க்வேக்கைப் பாதியாக்கும், ஆனால் அது களத்தில் இல்லை. எதிரியிடம் அடியைக் குறைக்கும் பெர்ரி என்ற பழமும் இல்லை. இதிலேயே நாட்கள் போயின.

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது: என் கூட்டாளி மயங்கிவிழுந்த பிறகு அடித்தால் மட்டும் கணக்கு சரியாக வந்தது. எர்த்க்வேக் கூட்டாளியையும் குறிவைக்கும். இலக்கு ஒன்றுக்கு மேல் என்றால் அடி 75%தான். என் கூட்டாளி பறக்கும் வகை, அதன்மேல் அடியே படாது, இருந்தும் அது இலக்காக எண்ணப்படுகிறது! புரொடெக்ட் என்ற தற்காப்பைப் போட்டவரும் அப்படித்தான். ராக் ஸ்லைடு என்ற தாக்குதல் எதிரிகளை மட்டும் குறிவைப்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது எர்த்க்வேக்குக்குப் பதிலாக, ஒரே இலக்கை மட்டும் தாக்கும் ஸ்டாம்பிங் டேன்ட்ரம் வைத்திருக்கிறேன். சக்தி 75, குறைந்துபோன எர்த்க்வேக்குக்குச் சமம். முந்தைய தாக்குதல் தோற்றிருந்தால் இரட்டிப்பாகும். எந்தக் கூட்டாளியையும் பயமில்லாமல் பக்கத்தில் நிறுத்தலாம். அப்பாடா!