புகைபோக்கி வாயுவைக் கொண்டு நுண்பாசி வளர்த்து அறுவடை செய்யும் முறை

நுண்பாசிக் குளம் அமைக்க முனைபவர் முதலில் இடக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த பாசி உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு தேவைப்படுகிறது. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் பாசி விளைந்தாலும், அது உட்கொள்வது 27 கிராம் வாயுவைத்தான். நாளுக்கு ஒரு டன் வாயுவைப் பிடிக்க வேண்டுமானால் சுமார் 3.7 ஹெக்டேர் நீர்ப்பரப்பு வேண்டும். ஆகவே புகை முழுவதையும் திருப்பிவிட எண்ணாமல், குளம் தாங்கும் பங்கை மட்டும் பிரித்தெடுப்பதே சரி.

நிலக்கரிப் புகையில் கரியமில வாயு பொதுவாக 12 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். அதைக் குளிர்வித்து, தூசு நீக்கி, சுண்ணாம்புக் கரைசலில் கழுவிய பிறகே குளத்திற்கு அனுப்ப வேண்டும். கழுவாமல் விட்டால் அதிலுள்ள சல்பர் டை ஆக்சைடு நீரை அமிலமாக்கிப் பாசியைக் கொன்றுவிடும். கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கக்கூடும் என்பதால், மூடிய கொட்டகையில் எச்சரிக்கைக் கருவி இன்றி வேலை செய்யக் கூடாது.

குளோரெல்லா, செனடெஸ்மஸ் ஆகிய நுண்பாசி வகைகள் இத்தகைய வாயுவை ஓரளவு தாங்கி வளர்பவை. 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீள்வட்டக் குளத்தில், துடுப்புச் சக்கரம் நீரை நொடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீர் தேங்கினால் அடியிலுள்ள பாசிக்கு ஒளி எட்டாது.

என் கணிப்பில், இந்த வேலையின் உயிர்நாடி வாயுவைச் செலுத்தும் இடத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு ஆழமற்ற நீரில் விடப்படும் குமிழி ஏறத்தாழ ஒரு நொடியில் மேலே வந்து உடைந்துவிடுவதால், அதிலுள்ள வாயுவில் பெரும்பகுதி கரையாமலே காற்றில் கலந்துவிடுகிறது. எனவே ஓட்டப் பாதையின் குறுக்கே ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பள்ளம் ஒன்றை அமைத்து, நீர் கீழிறங்கும் பக்கத்தில் நுண்துளைக் குழாய் வழியே மிகச் சிறு குமிழிகளை விட வேண்டும். கீழ்நோக்கி வரும் நீர் குமிழியை ஏறவிடாமல் பிடித்து நிறுத்துவதால், கரைவதற்கு அவகாசம் கிடைக்கிறது. எப்போது வாயுவை விடுவது என்பதை, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவே சொல்லிவிடும். பாசி கார்பனை உறிஞ்ச உறிஞ்ச அந்த அளவு ஏறும். 8-ஐத் தாண்டும்போது வால்வு திறந்து, 7.5-க்கு இறங்கும்போது மூடும்படி அமைத்துவிட்டால், பாசி கேட்கும் அளவே வாயு செல்லும். ஒளியின்றி ஒளிச்சேர்க்கை இல்லையாதலால் இரவில் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

நாள்தோறும் காலையில் ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடர்பச்சை மஞ்சளாக மாறினால் பெரும்பாலும் நைட்ரஜன் குறைந்திருக்கிறது. திடீரென நீர் தெளிந்தால், பாசியைத் தின்னும் ரோட்டிஃபர்கள் என்ற நுண்ணிய நீர்வாழ் விலங்குகள் பெருகியிருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் உடனே பார்த்துவிடுங்கள், ஏனெனில் அவை சில நாட்களிலேயே குளத்தைக் காலி செய்துவிடும்.

அறுவடையில்தான் மின்சாரம் கரைகிறது. லிட்டருக்கு அரை கிராம் பாசி என்றால், ஆயிரம் லிட்டர் நீரில் கிடைப்பது அரை கிலோதான். நீர் முழுவதையும் மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றாமல், முதலில் கைட்டோசானோ (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) படிகாரமோ இட்டுப் பாசியைத் திரளவைத்துப் படியச் செய்யுங்கள். ஐந்து குவளைகளில் வெவ்வேறு அளவு இட்டு மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் வைத்து, நீர் தெளியும் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுங்கள். படிகாரத்தின் அலுமினியம் பாசியிலேயே தங்கிவிடுவதால் எனக்குக் கைட்டோசானே ஏற்புடையது. படிந்த குழம்பை மட்டும் மையவிலக்கில் இட்டுக் கெட்டிப்படுத்துங்கள். தெளிந்த நீரைக் குளத்திற்கே திருப்புங்கள். ஒரு தடவையில் குளத்தின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்தால் போதும். மிச்சமுள்ள பாசி விரைவில் பெருகிவிடும்.

ஈரப்பாசி சில மணி நேரத்திலேயே நாற்றமெடுக்கும் என்பதால், புகையைக் குளிர்விக்கும்போது வெளியேறும் வெப்பத்தைக் கொண்டே அன்றே உலர்த்திவிடுவது நல்லது. நிலக்கரிப் புகையில் வளர்ந்த பாசியில் பாதரசம் சேர்ந்திருக்கக்கூடும். ஆய்வகச் சோதனை இன்றி அதைத் தீவனமாக்கக் கூடாது. அதை எரிபொருளாக்கினால் பிடித்த வாயு மீண்டும் காற்றுக்கே போய்விடும் என்பதால், அன்றாடப் பதிவேட்டில் விளைந்த பாசியின் எடைக்குப் பக்கத்திலேயே செலவான மின்சாரத்தையும், அந்தப் பாசி எங்கே போயிற்று என்பதையும் எழுதி வையுங்கள்.